பருத்த மலைப்பாம்பை இளைக்க வைத்த கணக்கு

எங்கள் வீட்டுப் பந்து மலைப்பாம்பின் எடை கடந்த சில மாதங்களாக 1,680 கிராமுக்கும் 1,710 கிராமுக்கும் இடையில் நிற்கிறது. 2,180 கிராமில் தொடங்கிய கணக்கு இங்கே வந்து சேர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. இறங்கிய எடை மேலும் இறங்காமலும், திரும்ப ஏறாமலும் நிலைத்துவிட்டது என்று உறுதியான பிறகே இதை எழுத வேண்டும் என்று குறிப்பேட்டை மூடி வைத்திருந்தேன்.

முதலில் ஒரு விளக்கம். நம் மண்ணின் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மலைப்பாம்பானாலும் மண்ணுளியானாலும் அதில் விலக்கு இல்லை. நான் சொல்வது மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பைப் பற்றி. இது அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் (CITES) இரண்டாம் பட்டியலில் உள்ள இனம் என்பதால், 2024இல் வந்த விதிகளின்படி ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். சென்னையில் இதை வளர்த்த என் மைத்துனர் வேலைக்காகத் துபாய் போனபோது, அந்தப் பதிவையெல்லாம் முடித்த பிறகே பாம்பு ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தது.

"வாராவாரம் ஒரு எலி, மச்சான். ஒரு வாரம்கூடத் தவறினதில்லை" என்று அவர் பெருமையுடன் சொல்லி ஒப்படைத்தார். தவறாமல் கொடுத்ததில்தான் கோளாறு இருந்தது. ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள எலி வாரம் ஒன்று என்றால் மாதத்துக்கு 650 கிராம் இரை. வளர்ந்து முடித்த, நாளின் பெரும்பகுதியை அசையாமல் கழிக்கிற, நாலடிக்குச் சற்று மேல் நீளமுள்ள ஒரு பெண் பாம்புக்கு இது மிக அதிகம். குட்டிப் பாம்புக்குத்தான் வாரம் ஒருமுறை என்ற கணக்கு. அதற்கு அதன் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை இரை கொடுப்பார்கள். வளர்ந்த பிறகும் அதே இடைவெளியைத் தொடர்ந்தால் மிகுதி முழுவதும் கொழுப்பாக உடலின் பின்பாதியில், குடலைச் சுற்றிச் சேருகிறது. நாளடைவில் கல்லீரலிலும் படிகிறது.

எடை பார்க்கும் ஏற்பாட்டிலிருந்து தொடங்கினேன். சமையலறையில் வைக்கும் பத்துக் கிலோ மின்னணுத் தராசு 350 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு கிராம் வரை காட்டும். ஆனால் தட்டின் மேல் பாம்பை வைத்தால் அது நெளிய, எண்ணும் நெளிந்தது. 2,140 என்றும் 2,210 என்றும் தாவிக்கொண்டே இருந்தது. மூடியுள்ள பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை 180 ரூபாய்க்கு வாங்கி, சூடான ஆணியால் பக்கங்களில் காற்றுத் துளை இட்டு, உள்ளே இருட்டாக இருக்கும்படி வெளியில் கறுப்புத் தாள் ஒட்டினேன். இருட்டும் நெருக்கமும் இந்த இனத்துக்குப் பிடித்தவை. உள்ளே விட்டதும் தலையை நடுவில் வைத்துச் சுருண்டுகொள்ளும். இரண்டு நிமிடத்தில் எண் அசையாமல் நிற்கும். வெற்று டப்பாவை முதலில் தராசில் வைத்துச் சுழியமாக்கிவிட வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும்; அகலமான டப்பாவின் மேல் காற்று அழுத்துவதே பத்துக் கிராம் வரை மாற்றம் காட்டுகிறது.

உச்சிப்புளி மன்னார் வளைகுடாவுக்கும் பாக் விரிகுடாவுக்கும் நடுவில், எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உப்பு வந்து சேர்கிற இடம். சில மாதங்களிலேயே தராசின் பேட்டரி முனைகளில் பச்சை பூத்து, எண் மங்கியும் தானாக மாறியும் காட்டத் தொடங்கியது. எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சால் முனைகளைத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, மெல்லியதாக வாசலின் பூசினேன். இப்போது ஒவ்வொரு முறையும் எடை பார்த்து முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, தராசை மூடியுள்ள பெட்டியில் வைக்கிறேன்.

தராசு சரியாகக் காட்டுகிறதா என்பதற்கும் ஒரு வழி பிறந்தது. கருவாட்டுக் கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் முத்திரை ஆய்வாளர் முத்திரையிட்ட எடைக்கற்கள் இருந்தன. ஒரு கிலோ கல்லை நடுவில் வைத்தபோது தராசு சரியாக 1,000 காட்டியது. அதே கல்லைத் தட்டின் ஓரத்தில் வைத்தபோது 991 காட்டியது. பாம்பு டப்பாவின் ஒரு மூலையில் சுருண்டுகொண்ட நாள்களில் எடை குறைவாகவும், நடுவில் படுத்த நாள்களில் அதிகமாகவும் பதிவானதன் காரணம் புரிந்தது. டப்பாவுக்கும் தட்டுக்கும் நடுவில் இருபது சென்டிமீட்டர் சதுர ஒட்டுப்பலகை ஒன்றை வைத்து, அதன் மையத்தைத் தட்டின் மையத்தோடு பொருத்தும்படி கோடு போட்டேன். டப்பாவைத் திருப்பி வைத்து இரண்டாம் முறையும் பார்த்து, இரண்டின் சராசரியைக் குறித்தேன். அதன்பின் வந்த எண்கள்தான் நம்பத் தக்கவை. அதற்கு முந்தைய பக்கங்களைப் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறேன்.

எண் சரியாக வந்தாலும், எண்ணைக் கொண்டு மட்டும் பாம்பு பருத்ததா, இளைத்ததா என்று சொல்ல முடியாது. பந்து மலைப்பாம்பில் வளர்ந்த பெண் ஒன்றரை கிலோவும் இருக்கலாம், இரண்டரை கிலோவும் இருக்கலாம். நீளமும் எலும்பு வாகும் ஒவ்வொன்றுக்கும் வேறு. உடலின் வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் கையால் பார்க்க வேண்டும். நடு உடலை இரண்டு கைகளாலும் தாங்கி, பெருவிரலை முதுகின் மேல் மெதுவாக ஓட்டிப் பார்க்கிறேன். நல்ல நிலையில் உள்ள பந்து மலைப்பாம்பின் உடலைக் குறுக்கே நினைத்துப் பார்த்தால், அடி தட்டையாகவும் மேலே முனை மழுங்கியதாகவும் உள்ள முக்கோணமாக இருக்கும். முதுகுத்தண்டு விரலுக்குத் தெரியும், ஆனால் உறுத்தாது. இளைத்த பாம்புக்கு முதுகு ஓட்டுக் கூரையின் முகடாகத் துருத்தி நிற்கும். இரு பக்கமும் சதை சரிந்து, விலா எலும்புகளைத் தனித்தனியே எண்ணலாம். பருத்த பாம்பின் முதுகுத்தண்டோ விரலுக்கு அகப்படாது. அதன் இரு பக்கமும் சதை எழும்பி, தண்டு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் ஓடும்.

எங்களிடம் வந்தபோது இதன் முதுகில் அந்தப் பள்ளம் தெளிவாக இருந்தது. இரை உண்ணாத நாளிலும் பக்கங்களில் செதில்கள் விலகி நடுவில் தோல் தெரிந்தது. உடலை வளைக்கும்போது உள்வளைவில் மடிப்பு விழுந்தது. கழிவுத்துளைக்கு முன்னால் உடல் சீராக ஒடுங்கி வாலில் முடிய வேண்டும். இதற்கு அந்த இடம் புடைத்து, வாலுக்கு மேலே ஒரு திட்டாகத் தெரிந்தது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் நான் ஐயப்பட்டிருப்பேன். நான்கும் சேர்ந்திருந்ததால் ஐயத்துக்கு இடமில்லை.

இந்த அடையாளங்களை எல்லாப் பாம்புக்கும் பொருத்திவிடக் கூடாது. மரத்தில் வாழும் பல இனங்கள் இயல்பிலேயே பக்கவாட்டில் தட்டையாக, முதுகு மேடாக இருக்கும். அவற்றைப் பந்து மலைப்பாம்பின் கண்ணால் பார்த்தால் பட்டினி கிடப்பதாகத் தோன்றும். அமெரிக்காவின் சோளப் பாம்புக்கு உடல் உருண்டையாகவே இருப்பதுதான் சரி. தோல் சுருக்கமும் இளைப்பின் அடையாளமாக மட்டும் வருவதில்லை. உடலில் நீர் குறைந்தாலும் பக்கவாட்டில் நெடுகச் சுருக்கம் விழும், சட்டை துண்டு துண்டாக உரியும். சுருக்கத்தைக் கண்டு இரையைக் கூட்டுவதற்கு முன் தண்ணீர்த் தட்டைப் பார்க்க வேண்டும்.

கை சொல்வதைக் காகிதத்தில் ஏற்றுவதற்கு இரண்டு வழிகளைக் கையாண்டேன். ஒன்று, தையல் கடை நூல்நாடாவால் உடலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவை அளப்பது. இறுக்கினால் ஒரு சென்டிமீட்டர் குறையும், பாம்பு மூச்சை இழுத்தால் ஒரு சென்டிமீட்டர் கூடும். அதனால் இது எனக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. மற்றது, ஓரடித் தரையோட்டின் மேல் பாம்பை ஊர விட்டு, முக்காலியில் நிலையாகப் பொருத்திய கைப்பேசியால் நேர் மேலிருந்து படம் எடுப்பது. ஓட்டின் கோடுகளே அளவுகோலாகிவிடுவதால் மாதங்கள் கழித்து எடுத்த படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. வாலடியில் இருந்த திட்டு கரைவதை எடைக் குறிப்பைவிட இந்தப் படங்களே முதலில் காட்டின.

இரைக்கு வருகிறேன். மதுரையில் ஆய்வகத் தேவைக்காக எலி வளர்ப்பவர் ஒருவரிடம் உறைய வைத்த எலிகளை மொத்தமாக வாங்குகிறேன். அளவைப் பொறுத்து ஒன்று 90 முதல் 150 ரூபாய் வரை. கொண்டுவருவதற்கு இந்தக் கரையில் வசதிக்குப் பஞ்சமில்லை: மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டியும், ஐஸ் கம்பெனியில் உடைத்துத் தரும் ஐஸும் போதும். பெட்டிக்குள் என்ன மீன் என்று பேருந்தில் கேட்டவர்களுக்கு நான் உண்மையைச் சொல்வதில்லை. வயலில் பொறி வைத்துப் பிடித்த எலியைத் தருவதாகச் சிலர் சொன்னார்கள். அந்த எலி எங்கே என்ன மருந்தைத் தின்றது என்பது யாருக்கும் தெரியாது, அதன் உடலில் புழுவும் உண்ணியும் இருக்கும். மீனைக் கொடுக்கச் சொன்னவர்களும் உண்டு. இந்த இனம் எலி போன்ற சிறு பாலூட்டிகளையும் பறவைகளையும் உண்பது. மீனைத் திரும்பியும் பார்க்காது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் எலிக்கு இடமில்லை என்று என் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டதால், பழைய சிறு குளிர்சாதனப் பெட்டி ஒன்றை 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். இரைக்கான ஏற்பாடுகளில் பெரிய செலவு அதுதான்.

கொடுப்பதற்கு முந்தைய இரவு எலியை உறைநிலையிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, மறுநாள் மாலை பிளாஸ்டிக் பையில் கட்டிச் சுடுதண்ணீரில் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவருகிறேன். பந்து மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகள் சூட்டை உணர்பவை. குளிர்ந்த எலியை அது இரையாகவே மதிப்பதில்லை. நீண்ட இடுக்கியால் ஆட்டிக் காட்டினால் பற்றிக்கொள்ளும். உயிருள்ள எலியை விடுவதில்லை. பசியில்லாத பாம்பை எலி கடித்துப் புண்ணாக்கிவிடும்.

குறைப்பதைப் படிப்படியாகச் செய்தேன். முதலில் அதே 150 கிராம் எலியைப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை என்று மாற்றினேன். எடை ஏறுவது நின்றது, இறங்கவில்லை. அடுத்து 110 கிராம் எலி, இருபத்தொரு நாளுக்கு ஒன்று. வளர்ந்த பாம்புக்குப் பலர் சொல்லும் அளவு இதுதான், அதன் எடையில் ஐந்து விழுக்காடு. எடை 2,150க்கும் 2,130க்கும் இடையில் அப்படியே கிடந்தது. எடையை நிலைநிறுத்தும் அளவும் குறைக்கும் அளவும் வேறு என்பது இங்கே தெளிவாயிற்று. பிறகுதான் 80 கிராம் எலி, மாதம் ஒன்று என்ற அளவுக்கு வந்தேன். அதிலிருந்து மாதத்துக்கு இருபத்தைந்து முதல் முப்பது கிராம் வரை சீராக இறங்கத் தொடங்கியது. இதைவிட விரைவாக இறக்க நான் முயலவில்லை. கொழுத்த விலங்கைத் திடீரென்று முழுப் பட்டினி போட்டால், கரையும் கொழுப்பெல்லாம் கல்லீரலில் வந்து குவியும் ஆபத்து உண்டு என்று மதுரைக் கால்நடை மருத்துவர் தொலைபேசியில் எச்சரித்திருந்தார்.

குறிப்பேட்டில் ஒரு பக்கம் என்னை வெகுவாகக் கலங்க வைத்தது. ஒரு வாரத்தில் 2,060இலிருந்து 1,970க்கு, தொண்ணூறு கிராம் இறங்கியிருந்தது. நோய் என்று நினைத்து அடுத்த இரையை முன்கூட்டியே கொடுக்க எலியை எடுத்து வைத்தேன். பாம்பின் பெட்டியைத் துப்புரவு செய்தபோது, நார்த்தூளுக்கு அடியில், வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்த மலமும் அதோடு வெளிவரும் வெள்ளைச் சிறுநீர்க் கட்டியும் மொத்தமாகக் கிடந்தன. எடுத்து நிறுத்துப் பார்த்தேன். எண்பது கிராமுக்கு மேல் இருந்தது. மாதம் முப்பது கிராம் மாற்றத்தைத் தேடுகிற கணக்கில், வயிற்றுக்குள் இருக்கும் எண்பது கிராம் எதையும் மறைத்துவிடும். அன்றிலிருந்து எடை பார்க்கும் நாளை நாள்காட்டி முடிவு செய்வதில்லை: இரை உண்டு, கழித்து முடித்த பிறகு, அடுத்த இரைக்கு முன் பார்ப்பேன். கண் பால் படிந்து சட்டை உரிக்கப் போகும் நாள்களிலும் பார்ப்பதில்லை; அந்நாள்களில் அது இரையும் எடுக்காது, கையிலெடுத்தால் எரிச்சலும் அடையும். குறிப்பேட்டில் எடைக்குப் பக்கத்தில் "கழிவு", "சட்டை", "தண்ணீர்" என்று மூன்று கட்டங்கள் சேர்த்தேன். தண்ணீரை வயிறு நிறையக் குடித்த அன்று முப்பது கிராம் வரை கூடுவதையும் அப்போதுதான் கவனித்தேன்.

எங்கள் கரையில் சூடேற்றும் கருவிக்கு ஆண்டில் பெரும்பகுதி வேலையில்லை. பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரியும் மறுபக்கம் 26 டிகிரியும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. சித்திரை, வைகாசியில் குளிர்ந்த பக்கத்தை 30க்குக் கீழே வைத்திருப்பதே பெரும்பாடு. தகரக் கூரை அறையிலிருந்து பெட்டியைக் கீழ்த்தளத்து உள்ளறைக்கு மாற்றி, உச்சி வேளையில் உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைப்பேன். மழைக்காலத்திலும் மார்கழி, தை இரவுகளிலும் மட்டும் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து 1,800 ரூபாய்க்கு வாங்கிய சூட்டுப் பாய் ஓடும்.

இந்தப் பாயால்தான் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரைக் கணக்கு சிக்கலாகிறது. இரை வயிற்றில் இருக்கும்போது சூடு குறைந்தால் செரிக்காது. பாம்பு கக்கிவிடும், கக்கிய பாம்பு தேற வாரங்கள் ஆகும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால், கூண்டு இறங்கும் வரை இரை கொடுப்பதைத் தள்ளிவைக்கிறேன். வளர்ந்த பாம்புக்குப் பத்து நாள் தள்ளிப்போவதால் ஒன்றும் குறைந்துவிடாது.

அந்தக் காலத்தில் பாம்பே இரையை மறுக்கவும் செய்தது. கார்த்திகையில் முகத்தைத் திருப்பிக்கொண்டது, தை முடியும் வரை எதையும் தொடவில்லை. குளிர்ந்த மாதங்களில் பந்து மலைப்பாம்பு இப்படி நோன்பிருப்பது பரவலாக அறிந்த பழக்கம். கலங்க வேண்டுமா என்பதை எடைதான் சொல்ல வேண்டும். நோன்பு தொடங்கியபோது 1,935 கிராம், முடிந்தபோது 1,880. ஐம்பத்தைந்து கிராம் என்பது மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. பத்து விழுக்காட்டை, அதாவது 1,740ஐத் தொட்டால் மருத்துவரிடம் கொண்டுபோவது என்று முன்பே கோடு போட்டு வைத்திருந்ததால், வாய் திறந்து ஊட்டும் விபரீத முயற்சி எதற்கும் இடம் வரவில்லை. வாயில் சளியோ, மூச்சில் சீறலோ, தளர்ந்த பிடியோ தெரிந்திருந்தால் எடைக்குக் காத்திருக்காமலே கிளம்பியிருப்பேன்.

அசைவைக் கூட்டவும் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. மூன்றடிப் பெட்டியை மாற்றி, தச்சரிடம் நாலடிக்கு இரண்டடியில் ஒட்டுப்பலகைப் பெட்டி செய்து வாங்கினேன். முன்பக்கக் கண்ணாடியோடு 5,200 ரூபாய். ஏறுவதற்குக் கடற்கரையில் ஒதுங்கிய மரக்கட்டை ஒன்றை எடுத்து வந்து, உப்பு போக நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைத்து, வெயிலில் காய வைத்துப் பொருத்தினேன். பந்து மலைப்பாம்பு ஏறாது என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்களுடையது இரவில் விளக்கணைந்ததும் அந்தக் கட்டையின் மேல்தான் இருக்கிறது. தண்ணீர்த் தட்டை ஒரு மூலையிலும் மறைவிடத்தை எதிர் மூலையிலும் வைத்ததில் நடமாட்டம் கூடியது. எடை இறங்கியதில் இதற்கு எவ்வளவு பங்கு என்று என் குறிப்பைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் கையிலெடுக்கும்போது உடலின் பிடி முன்னைவிட இறுகியிருக்கிறது. கொழுப்பு கரைந்து தசை நின்றதை அந்தப் பிடியில் உணர முடிகிறது.

1,720 கிராம் வந்தபோது விரலுக்கு முதுகுத்தண்டு மென்மையாகத் தட்டுப்பட்டது, பள்ளம் மறைந்திருந்தது, உள்வளைவு மடிப்பும் இல்லை. மருத்துவரிடம் நேரில் காட்டினேன். அவரும் கையால் தடவிப் பார்த்துவிட்டு இது போதும் என்றார். அன்றிலிருந்து 100 கிராம் எலி, இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை. அதில்தான் எடை இப்போது நிற்கிறது.

மறுபடி தொடங்குவதானால் சிலவற்றை மாற்றுவேன். எடை பார்த்த முதல் நாளே தரையோட்டுப் படத்தையும் எடுத்திருப்பேன். தொடக்க மாதங்களுக்கு என்னிடம் எண் மட்டும்தான் இருக்கிறது. எலிகளை "நடுத்தரம்" என்று சொல்லி வாங்காமல் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பையில் எடையை எழுதி உறைய வைத்திருப்பேன். நடுத்தரம் என்ற பெயரில் 85 கிராமும் வந்தது, 140 கிராமும் வந்தது. பெட்டியைச் செய்யும்போதே சூட்டுமானியின் முனையை வைக்க இரு பக்கமும் துளை விட்டிருப்பேன். பிறகு துளைத்ததில் கண்ணாடியின் ஓரம் விரிசல் விட்டது. தராசில் மட்டும் எதையும் மாற்ற மாட்டேன். 350 ரூபாய்த் தராசு, ஒட்டுப்பலகையும் எடைக்கல்லும் சேர்ந்தால், இந்த வேலைக்குப் போதும்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது இரண்டு கோடுகள் இருக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு எடைகள் 1,760ஐத் தாண்டினால் அடுத்த இரை 80 கிராமாகக் குறையும். 1,620க்குக் கீழே போனால் இடைவெளி இருபத்தொரு நாளாகச் சுருங்கும். எந்தக் கோட்டைத் தாண்டினாலும் முதுகைத் தடவிப் பார்க்காமல் எலியின் அளவை மாற்றுவதில்லை.